யாருக்கும் தெரியாத ஒன்று

"பாஸ்வேர்டு கேக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு அவள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்து மேசையில் இன்னொரு மடிக்கணினியின் அடிப்பாகத்தைக் கழற்றிப் போட்டு, விசிறியில் அடைந்திருந்த தூசியைப் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தேன். துடைத்து, மாட்டி, ஸ்குரூக்களை முடுக்கிவிட்டு நிமிர்ந்தபோதும் அவள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். கட்டத்தில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெருவில் போகிறவர்களுக்கு அது உயரமான சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் உள்ள ஒரு பழைய வீடு, அவ்வளவுதான். உள்ளே, புருஷனிடமிருந்து தப்பித்து வந்த பெண்கள் கொஞ்ச காலம் தங்கியிருப்பார்கள். நடத்துகிறவரை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். நான் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். அலுவலகம் கழித்துப்போடும் கிழட்டு மடிக்கணினிகளைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு சனிக்கிழமைகளில் அங்கே போவேன். அவற்றில் ஏற்கெனவே இருக்கும் சிஸ்டத்தை ஓடவிட்டால் ஒரு பக்கம் திறப்பதற்குள் குளித்துத் தலை துவட்டிவிட்டு வந்துவிடலாம். அதை வழித்தெறிந்துவிட்டு லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அதே கிழம் எழுந்து நடக்கும், சில சமயம் ஓடவும் செய்யும். கம்ப்யூட்டரையே தொட்டிராத பெண்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஓரத்தில் ஒரு பட்டன், அதை அமுக்கினால் ஒரு பட்டியல், அதில் நாலு பெரிய படங்கள். அங்கே எனக்கு ரிப்பேரக்கா என்று பெயர்.

அவளுக்கு மைக்செட் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிறவளுக்கே கேட்காது, அதனால். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்காமல், அது தன் பக்கம் வரும்வரை காத்திருப்பாள். வலது மணிக்கட்டில் அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள். கை ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள், அங்கிருந்தபடியே இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கூட்டிக்கொண்டு வர வழியில்லை. வக்கீலம்மா சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், தங்க ஓர் இடம் இருக்க வேண்டும், இந்த ரெண்டையும் காட்டினால் குழந்தையைக் கேட்கலாம். ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை இருந்தது. பேச வேண்டாம், டைப் அடித்தால் போதும். அவளுக்கென்றே செய்துவைத்த வேலை. அதற்குத்தான் அந்த மடிக்கணினி.

"உனக்குப் புடிச்ச ஏதாவது வார்த்தைய அடி. உன் வீட்டுக்காரருக்குத் தெரியாததா இருந்தா போதும்" என்றேன்.

"அதாங்க்கா யோசிக்கிறேன்."

யோசித்தாள். மகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் அவனுக்குத் தெரியும், அதைச் சொல்லவே வேண்டாம். சின்ன வயதில் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் பெயர்? சொல்லியிருக்கிறாளாம். வளர்த்த நாய்? அதுவும் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா அவளைக் கூப்பிட்ட செல்லப்பெயர்? சண்டை வரும்போதெல்லாம் அவன் அதைச் சொல்லித்தான் கேலி செய்வானாம். பயந்தது, ஆசைப்பட்டது, பத்தாவதில் பின்னாலேயே வந்த ஒரு பையன், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"எல்லாத்தையும் ஏம்மா போய் ஒப்பிச்ச?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் முந்தும்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கல்யாணமான புதுசுலக்கா. ராத்திரியெல்லாம் பேசிட்டே இருப்போம். உன்னப் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கணும்னு சொல்வாரு. எனக்கு அது எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா. அதுவரைக்கும் யாரும் என்கிட்ட எதையும் கேட்டதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்புறம் போனு, பேங்கு, மெயிலு எல்லாத்துக்கும் அவரே பாஸ்வேர்டு வச்சுக் குடுத்தாரு. நீ மறந்துடுவன்னு" என்றாள்.

அன்றைக்கு மடிக்கணினியை மூடிவிட்டு, அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். எழுத்தும் எண்ணும் கலந்து ஏதாவது ஒன்றை நானே வைத்துக் கொடுத்திருக்கலாம். அதைத்தானே அவனும் செய்திருக்கிறான் என்று தோன்றியது, வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைச் சோதித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த நிறம் எது என்றேன். "ஏதோ பச்சைல ஒண்ணு" என்றார். பச்சையை நான் கண்கொண்டு பார்க்க மாட்டேன். என் டீச்சர் பெயர் கேட்டதற்கு என் தங்கை பெயரைச் சொன்னார். என் பிறந்தநாளையே அந்தத் தங்கைதான் அவருக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்துவாள். இத்தனை காலம் இதற்காக அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன், சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மறதி ஒரு சுற்றுச்சுவரைப் போல என்னைக் காத்து நிற்பதாகத் தோன்றியது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக விழுந்ததும் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த வாரம் போனபோது மைக்செட் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் ஒரு களை.

"கெடச்சிருச்சுக்கா."

"யாருக்கும் தெரியாதே?"

"யாருக்கும் தெரியாது."

"அவருக்கு?"

"சத்தியமா தெரியாது. நெனச்சே பாத்திருக்க மாட்டாரு."

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். நான் அலமாரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முதலில் ஒரு தடவை அடித்தாள், இன்னொரு தடவை கேட்டது, அடித்தாள். திரும்பிப் பார்த்தபோது தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கும்போது அவளுக்குப் பல்வரிசை அழகாக இருந்தது, அதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. மொத்த டிஸ்க்கையும் பூட்டிவைத்தேன்; மடிக்கணினியையே யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் அந்த வார்த்தை இல்லாமல் உள்ளே ஒரு வரிகூடப் படிக்க முடியாது. வெளியிலிருந்து யாரும் நுழையாதபடி ஃபயர்வாலைப் போட்டேன். தானே அப்டேட் ஆகிக்கொள்ளச் சொன்னேன். எழுந்து போனால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். கேமராக் கண்ணில் கறுப்பு டேப்பை ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவள் "இது எதுக்குக்கா?" என்று கேட்டாள், நான் சொன்னேன். பழைய மெயிலை விட்டுவிட்டுப் புது மெயில் ஒன்று திறக்கச் சொன்னேன். அதற்கு வேறு பாஸ்வேர்டு வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். தலையாட்டினாள். ஒரே ஒரு ரகசியத்தைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டவளிடம் ரெண்டாவது ஒன்றைக் கேட்கிறோமே என்று எனக்கு உறைக்கவில்லை. ரெண்டுக்கும் அதையேதான் வைத்திருக்கிறாள்.

வேலை கிடைத்தது. மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே டைப் அடிப்பாள். யாரோ ஒரு ஆள் வாங்கின மிக்ஸி ஓடவில்லை என்று கண்டபடி திட்டி எழுதியிருப்பான், இவள் பொறுமையாகப் பதில் எழுதுவாள். ஒருநாள் ஒருத்தன் ரொம்பவும் வாய்நீளம் காட்டியிருந்தான். "இவன் என்னக்கா, வெறும் எழுத்துலதானே திட்றான்" என்றாள். மற்றப் பெண்களுக்குத் திரையில் எது எங்கே இருக்கிறது என்று அவளே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சொல்லிக்கொடுக்கும்போது குரல் கேட்டது. பெயரை மாற்றிவிடலாமா என்று பெரியக்கா கேட்டார். முதல் சம்பளம் வந்ததும் வக்கீலம்மா மனுவைத் தயார் செய்யத் தொடங்கினார். சுவர் ஓரமாக இருந்த அவள் கட்டிலை, இன்னொரு சின்னக் கட்டில் போட இடம் வருகிற மாதிரி நகர்த்திப் போட்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் மகளின் கிளாஸ் டீச்சருக்கு ஒரு மெயில் போட்டிருக்கிறாள். பழைய ஆட்கள் யாருக்கும் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தேன். எழுதியது ரெண்டே வரி. பாப்பா எப்படி இருக்கிறாள், அவள் வரைந்த படம் ஏதாவது இருந்தால் ஒன்று அனுப்ப முடியுமா. நல்ல மனசுக்காரி அந்த டீச்சர். படத்தை அனுப்பினாள். அதோடு, சாயங்காலம் குழந்தையைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம், அம்மா விசாரித்திருக்கிறார் என்று அந்த மெயிலையும் காட்டியிருக்கிறாள். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை நான் உள்ளே நுழையும்போதே மைக்செட் என் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். "சிஸ்டத்துல ஏதோ கோளாறு போலிருக்குக்கா. நான் படிக்காத மெயிலெல்லாம் படிச்ச மாதிரி காட்டுது."

நான் உட்கார்ந்து மடிக்கணினியைத் தலை முதல் கால் வரை பார்த்தேன். ஃபயர்வால் நின்ற இடத்தில் நின்றிருந்தது. புதிதாக எதுவும் நுழையவில்லை. "மெஷின் சுத்தமா இருக்கும்மா" என்றேன், கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். பிறகுதான் மெயிலுக்குள் போய், எங்கெங்கிருந்து திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். இந்த மடிக்கணினி ஒன்று. அதற்குக் கீழே ஒரு டேப்லெட். முந்தாநாள் மாலை.

"டேப்லெட் யாருது?"

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "பாப்பாவுது. பள்ளிக்கூடப் பாடம் படிக்க வாங்கினது."

பாஸ்வேர்டை உடைத்துத் திறக்கவில்லை. சரியாக அடித்துத்தான் திறந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயம் வரும்போது எனக்குக் கோபமாகத்தான் வரும். இந்த வீட்டில் பார்த்திருக்கிறேன். ராத்திரி மனசு தாங்காமல் போனைப் போட்டு, எங்கே இருக்கிறேன், எப்படி இருக்கிறேன் என்று தாங்களே சொல்லிவிடுகிற பெண்கள் உண்டு.

"நீயாதான் சொல்லியிருக்க. இல்லன்னா எப்படித் தெரியும்?"

"இல்லக்கா."

"எழுதி எங்கயாவது வச்சியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. யாருக்குமே தெரியாதுன்ன, இப்ப பூதமா வந்து அடிச்சிட்டுப் போச்சு?"

"சத்தியமா யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள். கண் நிறைந்துவிட்டது. நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போது வாசலில் இரும்புக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

அவன் நான் நினைத்த மாதிரி இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை, தோளில் குழந்தையின் ரோஸ் கலர் பை. அவன் கையைப் பிடித்தபடி குழந்தை. கதவின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பெரியக்காவிடம் மெதுவாக, மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தான். அவள் மெயிலுக்கு வக்கீலம்மா அனுப்பியிருந்த மனுவின் நகலில் இந்த வீட்டு விலாசம் இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். "சண்டை போட வரலைங்க. குழந்த அம்மாவப் பாக்கணும்னு அழுதுச்சு, அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றான்.

சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மாவைப் பார்த்ததும் குழந்தை கம்பியைப் பிடித்துக் குதித்தாள்.

"அம்மா! நான்தாம்மா கண்டுபுடிச்சேன்! அப்பா எது எதையோ போட்டுப் போட்டுப் பாத்தாரும்மா, வரவே இல்ல. உனக்கும் அம்மாவுக்கும் ஏதாவது சீக்ரெட் இருக்கான்னு கேட்டாரு. நான் சொன்னேன், உடனே தொறந்துருச்சும்மா!"

பெருமை தாங்காமல் அந்த வார்த்தையையும் சொன்னாள். அவளும் அம்மாவும் சேர்ந்து உண்டாக்கிய வார்த்தை. வீட்டில் சத்தம் பெரிதாகும் நாட்களில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு இருவரும் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்களாம். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அது இனி எந்தப் பூட்டையும் திறக்காது, ஆனாலும் எழுத மாட்டேன்.

மைக்செட் பொய் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது என்று அவள் சொன்னபோது தன்னையும் குழந்தையையும் சேர்த்துத்தான் ஒரு ஆளாக எண்ணியிருக்கிறாள். பெற்றவளுக்கு அதை வேறு ஆளென்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நான் அவளைப் பொய்க்காரி என்று சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அவள் கதவருகே போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கம்பிக்குள் கையை விட்டுக் குழந்தையின் முகத்தைத் தடவினாள், காதோரம் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். குழந்தை அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, பாராட்டு வருமென்று.

"அழகா கண்டுபுடிச்சிட்டடா கண்ணு" என்றாள் அவள். "சமத்து."

அவன் புன்னகையோடு நின்றிருந்தான். "பாத்தியா, உனக்காக எவ்ளோ தவிக்குதுன்னு. போதும், வீட்டுக்கு வா. நடந்ததெல்லாம் நடந்துபோச்சு. நான் எதையும் கேக்க மாட்டேன்."

பெரியக்கா சாவியைக் கையில் வைத்திருந்தார். "போறதுன்னா தொறக்கறேன்மா. இருக்கறதுன்னா போலீஸுக்குப் போன் பண்றேன். நீதான் சொல்லணும்" என்றார். அந்த வீட்டின் சட்டம் அதுதான், யாரையும் பிடித்துவைப்பதில்லை. பிடித்துவைக்கலாமே என்று அன்றைக்கு ஒருநாள் நான் ஆசைப்பட்டேன்.

அவள் குழந்தையின் விரல்களை விடவே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். நகம் ஏன் இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டாள். பிறகு புறங்கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவன் பொறுமையாக, "வலது கை இப்ப சரியாயிடுச்சா?" என்று விசாரித்தான். வேறொருவர் கேட்டிருந்தால் அக்கறை என்றுதான் தோன்றியிருக்கும். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். விரல்களிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் வேலை இருக்குடா" என்று குழந்தையிடம் சொன்னாள். பெரியக்காவிடம் தலையை மட்டும் அசைத்தாள்.

பெரியக்கா போனை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். போலீஸுக்குச் சொன்னார், வக்கீலம்மாவுக்குச் சொன்னார். விலாசம் தெரிந்துபோனதால் இருட்டுவதற்குள் அவளை வேறு ஊரில் உள்ள வேறொரு வீட்டுக்கு மாற்ற வேண்டும். அந்த விவரமெல்லாம் அவள் மெயிலுக்குத்தான் வரும். அதற்குமுன் அந்த மெயிலைப் பூட்டியாக வேண்டும். நான் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்துகொடுத்தேன்.

வெளியே அவன் எதிர்ச்சுவர் நிழலுக்குப் போய் நின்றுகொண்டிருந்தான். குழந்தையை மட்டும் கதவருகிலேயே விட்டிருந்தான். குழந்தை அந்த வார்த்தையைச் சொன்னாள். பதில் இல்லாததால் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக. அதைச் சொன்னால் அம்மா வந்துவிடுவாள் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான்.

"பழைய பாஸ்வேர்ட மொதல்ல கேக்குதுக்கா" என்றாள் மைக்செட்.

"ஆமாம்மா. மாத்தறது நீதான்னு அதுக்குத் தெரியணும்."

நான் திரும்பிக்கொள்ளவில்லை, திரும்பிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். ஜன்னல் வழியாகக் குழந்தையின் குரலில் அதுவே வந்துகொண்டிருந்தது. அவள் விரல்கள் அந்தக் குரலுக்குப் பின்னாலேயே போயின. பக்கம் மாறியது. புதியதைக் கேட்டது. இந்தத் தடவை நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். யோசிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், எதையாவது சொல்லித் தேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. விசைகள் கடகடவென்று விழுந்தன, நீளமாக ஏதோ ஒன்று, இந்தத் தடவை குழந்தைக்கும் தெரியாத ஒன்று. உறுதிப்படுத்த இன்னொரு தடவை கேட்டது, அதையும் அதே வேகத்தில் அடித்தாள். திரும்பிப் பார்த்தேன். திரையை மூடிவிட்டு, அதன்மேல் ரெண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே, தொண்டை கட்டிப்போன குரலில், குழந்தை இரும்புக் கதவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.